கத்திரிக்காய்க்கு வாய்த்த பார்வை

மேலப்பொய்கையில் தாணு வாத்தியார் பெண்டாட்டி உலகம்மைக்கு ஒரு கத்திரிக்காய் சக்களத்தியாக வந்து சேர்ந்த சங்கதி ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஆனால் சொல்கிறவர்கள் எல்லாரும் கத்திரிக்காயின் பக்கத்தில் நின்றே சொல்கிறார்கள், அது எப்படி வாடாமல் இருந்தது, எப்படி மினுங்கியது, எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று வாய் ஓயாமல் சொல்கிறார்களே தவிர, அந்த வீட்டில் உலகம்மை என்று ஒருத்தி இருந்து வயிறெரிந்தாளே, அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாம் அவள் பக்கம் நின்று சொல்வோம்.

தாணு வாத்தியார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்காக மேசை மேல் ஒரு மண்பானையும் இரண்டு காயும், பின்னால் மடிப்பு விழும்படி தொங்கவிட்ட ஒரு துணியும் வைத்து, இருக்கிறதை இருக்கிறபடி வரையுங்கள் என்று சொல்லிக்கொடுப்பது அவர் உத்தியோகம். மற்ற டிராயிங் மாஸ்டர்கள் அந்தப் பானையைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் சாமி படமோ கல்யாண மேடைக்கு மயிலோ வரைந்து பேர் வாங்குவார்கள். இவர் பானையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்தார். வடக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை, மேசை மேல் ஒரு வெள்ளைத் துண்டு, துண்டின் மேல் ஒரு எலுமிச்சையோ, உடைத்த பூசணிக்கீற்றோ, ஓரம் நசுங்கிய பித்தளைச் செம்போ வைத்து, எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அந்த மனிதருக்கு வீடு கிடையாது, பசி கிடையாது, பெண்டாட்டி கிடையாது.

உலகம்மைக்கு அவர் சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்த்த முகம் என்பதாலோ என்னவோ, கட்டிக்கொண்டு வந்த பிறகு அவர் அவளை உற்றுப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. நல்ல மனிதர்தான், கை நீட்டினது கிடையாது, குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லாமல் தின்றுவிட்டுப் போகிறவர். ஆனால் அடுப்படி வாசலில் நின்று அவள் பார்ப்பாள், அவர் ஒரு வெங்காயத்தைப் பார்க்கிற பார்வையை. தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, உதட்டை லேசாகத் திறந்து, அந்த வெங்காயத்தை விட்டால் உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லை என்பதுபோல, தோலுக்குமேல் தோலாக, நரம்புக்குமேல் நரம்பாக, அப்படிப் பார்ப்பார். ஒரே மகனும் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்ட அந்த வீட்டில், ஜன்னல் பக்கம் அந்தப் பார்வையும் அடுப்படிப் பக்கம் இவளுமாக வருஷங்கள் ஓடின. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வெங்காயத்தின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, வெட்கப்பட்டதால் பொறாமை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்தப் பங்குனியில் அவர் கத்திரிக்காயைக் கொண்டுவந்து வைத்தார். சந்தையில் காய் விற்கிற பேச்சியம்மாள் கூடையிலிருந்து அவரே பொறுக்கி எடுத்தது, கருநீலமாக, குண்டாக, வயிற்றில் ஜன்னலின் நாலு கம்பியும் தெரிகிற மாதிரி பளபளவென்று இருந்தது. முன்பெல்லாம் ஒரு காய் வாடுவதற்குள் படத்தை முடித்துவிடுவார். இதை முடிக்கவே மனசில்லாதவர்போல, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்து, ஒரு விரல் அகலம் வரைவதும், பார்ப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். ஒருநாள் சாப்பாட்டின்போது உலகம்மை கேட்டுவிட்டாள்.

"அத்தான், என் மூஞ்சியில மச்சம் எந்தப் பக்கம் இருக்கு, பாக்காம சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "வலது பக்கம்."

"எனக்கு மூஞ்சியில மச்சமே கெடையாது. அந்தக் கத்திரிக்காயில?"

"காம்புக்குக் கீழ ஒரு கீறல், அதுக்கு இடப்பக்கமா ஒரு வெள்ளைத் தழும்பு, அரிசிமணி தண்டி," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு, தடுமாறாமல்.

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும் உலகம்மை மேசையிலிருந்து அந்தக் கத்திரிக்காயைக் காம்போடு பிடித்துத் தூக்கி, புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த சட்டிக்குள் முழுசாகப் போட்டு மூடினாள். நறுக்கக்கூட இல்லை. கொதி, கொதி, கொதித்துக் கூழாகப் போ என்று அகப்பையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். குழம்பு சுண்டியது, மறுபடி தண்ணீர் விட்டாள், மறுபடி சுண்டியது, விறகை இழுத்துத் தள்ளினாள், மூடியைத் திறந்து பார்த்தால் காம்பு மட்டும் வெந்து துவண்டு தொங்கியதே தவிர, காய் போட்டபடியே, ஒரு சுருக்கமில்லாமல், அதே நீலமும் அதே மினுமினுப்புமாக, வெந்நீர்க் குளியலுக்கு வந்த ஜமீன்தாரிணி மாதிரி புரண்டுகொண்டிருந்தது. அரிவாள்மணையில் வைத்து அழுத்தினாள். காய் வழுக்கிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் வாத்தியார் வந்து, நடந்ததைப் பார்த்து, கோபிக்கவில்லை. கத்திரிக்காயை எடுத்துத் தோளில் கிடந்த துண்டால் ஒத்தி ஒத்தித் துடைத்து, பழைய இடத்தில் பழைய சாய்வில் வைத்துவிட்டு, "காம்பு இன்னும் வரையலை, அதான் வெந்துட்டு. வரைஞ்ச எடம் அப்படியே நிக்கி," என்றார். அதற்கு முன்னால் அவர் வரைந்த காய்களெல்லாம் ஒழுங்காக அழுகி ஒழுங்காகக் குப்பைக்குப் போயிருந்தன, ஏன் இதிலிருந்து இப்படித் தொடங்கியது என்று அவரும் கேட்கவில்லை, அப்புறம் ஊரிலும் யாரும் கேட்கவில்லை. துவண்டு போன காம்பைத் துவண்டபடியே வரைந்து முடித்தார். உலகம்மை அடுப்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு வந்தவள் பேச்சியம்மாள். அவள் காதில் விழுந்தால் சந்தைக்கே விழுந்த மாதிரி. "ஏளா, இது என் கூடைக் காயிளா," என்று கன்னத்தில் கைவைத்துச் சொல்லிவிட்டுப் போனவள், மறுநாள் காலையிலேயே ஒரு முழம் மல்லிகைப்பூவோடு வந்து, இதையும் வரைஞ்சு குடுங்க சாரே என்று மேசை மேல் வைத்தாள். வரைந்த பூ வாடவில்லை. ஆனால் மணமும் இல்லை, மொட்டாக இருந்தவை விரியவும் இல்லை. அது அவளுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. எப்போதும் தலையில் பூ இருக்கிறதே, அது போதும் என்றாள்.

பிறகு ஊர் திரண்டு வந்தது. தென்காசியில் கட்டிக்கொடுத்த மகள் கொண்டுவந்த மாம்பழம், கல்யாண மாலை, தேர்தலில் ஜெயித்தவர் கழுத்தில் விழுந்த மாலை, தோற்றவர் வாங்கிவைத்திருந்து போடாத மாலை, முதல்முதலாகக் காய்த்த முருங்கை, உறையூற்றிய தயிர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளை குச்சி ஐஸ் கொண்டுவந்து, அது உருகாமல் நின்றதைப் பார்த்துச் சிரித்து, நக்கினால் இனிக்கவும் இல்லை குளிரவும் இல்லை என்றதும் வீடு அதிர அழுதது. லாரிக்காரர்கள் முகப்பில் கட்ட எலுமிச்சம்பழம் வரைந்து வாங்கினார்கள். கண் பட்டால் வாடிப்போகும் என்று பூசணிக்காய் கட்டித் தொங்கவிடுகிற ஊரில், கண் பட்டதால் வாடாமல் நிற்கிற காய்கள் வீட்டுக்கு வீடு அலமாரியில் உட்கார்ந்தன, ஊர் அதையும் ஒரு மாதிரியாகத் தனக்குள் சரிசெய்துகொண்டது. வரைந்த தேங்காய் உடையாது, உடையாததைச் சாமிக்கு வைக்க முடியாது என்று அம்மன் கோயில் பூசாரி சொல்லிவிட்டார். எறும்புகள் வரைந்த வெல்லத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தட்டில் இருப்பது வரைந்த வாழைப்பழமா வரையாத வாழைப்பழமா என்று ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பது என்பது மேலப்பொய்கையில் மரியாதைக்குறைவு இல்லை என்று ஆயிற்று.

தச்சுவேலை செய்கிற குத்தாலிங்கம் அந்தக் கார்த்திகையில் ஒரு தூக்குச்சட்டியில் ஒற்றை அதிரசம் கொண்டுவந்தார். அவர் சம்சாரம் தீபாவளிக்குச் சுட்டு, அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். "திங்கவும் மனசு வரலை, பூசணம் பிடிக்க விடவும் மனசு வரலை சார்," என்றார். வாத்தியார் அந்த அதிரசத்தை மற்ற எல்லாவற்றையும்விட மெதுவாக வரைந்தார், நடுவில் அவள் விரல் அழுத்திய குழியை, ஓரத்தில் எண்ணெய் கருகிய இடத்தை. குத்தாலிங்கம் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, வாத்தியார் பார்க்கிற இடத்தையெல்லாம் தானும் பார்த்து, "இத்தனை நாள் தின்னேனே, ஒருநாளும் இதைப் பாக்கலையே சார்," என்றார்.

"திங்க வந்தவன் ருசியைப் பாப்பான், விக்க வந்தவ எடையைப் பாப்பா, படைக்க வந்தவன் வரத்தைப் பாப்பான்," என்றார் வாத்தியார், தூரிகையை நிறுத்தாமல். "அதை அதுக்காகவே பாக்க ஒரு ஆள் வேணும்லா. ஒரு தடவை அப்படிப் பாத்தா, அது உலகத்துல இருந்துதுங்கிறதுக்கு சாட்சி ஆயிரும். நம்ம போனாலும் சாட்சி நிக்கும்."

அடுப்படி வாசலில் நின்ற உலகம்மைக்கு அது நல்ல பேச்சாகத்தான் பட்டது, குத்தாலிங்கத்துக்காகக் கண்கூடக் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். செத்துப்போனவள் சுட்ட அதிரசத்துக்குச் சாட்சி இருக்கிறது, உயிரோடு நிற்கிற எனக்கு யார் சாட்சி என்று நினைத்தாள். என்னை எனக்காகப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்று வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டு காப்பி போடப் போனாள்.

வாத்தியாரிடம் ஒரு தடித்த படப் புத்தகம் இருந்தது, கடல் தாண்டி எங்கோ குளிர் தேசத்தில் நானூறு வருஷத்துக்கு முன்னால் இதேபோல மேசையும் காயும் வைத்து வரைந்தவர்களின் படங்கள். அவர் இல்லாத நேரத்தில் உலகம்மை அதைப் புரட்டினாள். ஒரு படத்தில் வெள்ளித்தட்டு, கண்ணாடிக் குவளை, பாதி உரித்த எலுமிச்சம்பழம், அதன் தோல் சுருண்டு சுருண்டு மேசை விளிம்புக்குக் கீழே தொங்கியது. அவர் வந்ததும் அந்தப் பக்கத்தை நீட்டிக் காட்டினாள்.

"இதை உரிச்சது யாரு?"

"வரைஞ்சவரு பேருதான் கீழ போட்டிருக்குல்லா."

"வரைஞ்சவனைக் கேக்கலை. உரிச்சவ எங்க? துணியைத் தொவைச்சு விரிச்சவ எங்க, தட்டைத் தேய்ச்சவ எங்க? நறுக்குன கை எங்க போச்சு? இப்பதான் எந்திரிச்சுப் போயிருக்கா, தோலு இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு. அவளைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் வரைஞ்சு வச்சிருக்கான் பாவி."

வாத்தியார் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். எதிரில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளை அப்போதும் பார்க்கவில்லை.

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று உலகம்மை வழக்கை ஊருக்குக் கொண்டுபோனாள். அம்மன் கோயில் மண்டபத்தில் பெண்கள் கூடினார்கள், கத்திரிக்காயைத் தாம்பாளத்தில் வைத்து நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள், வாத்தியார் ஒரு தூணோரமாக நின்றார். யாரும் சிரிக்கவில்லை. புருஷன் வேறொன்றின் மேல் கண் வைத்தால் அது வழக்குத்தான், கண் வைத்தது காயாக இருந்தால் என்ன, கன்னியாக இருந்தால் என்ன என்று அவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒத்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் மட்டும் கத்திரிக்காயின் பிறந்தவீட்டுக்காரியாக எழுந்து நின்றாள்.

"எங்க காய் என்ன தப்புப் பண்ணுச்சு? அது சும்மா இருந்துச்சு. இவளால ஒருநாழி சும்மா இருக்க முடியுமா? நின்னா நடப்பா, நடந்தா பேசுவா, பேசுனா கையை ஆட்டுவா. அவரு எப்படிளா பாப்பாரு?"

"நான் சும்மா இருந்தா உங்க சாருக்குச் சோறு யாரு ஆக்குவா?" என்றாள் உலகம்மை. பேச்சியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கத்திரிக்காயைத் துணி போட்டு மூடவேண்டியது, வாத்தியார் காலையிலும் மாலையிலும் மேசைக்குக் காட்டுகிற பார்வையில் பாதியாவது சம்சாரத்துக்குக் காட்டவேண்டியது என்று தீர்ப்பாயிற்று. அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். மறுநாள் காலையில் எதிரே உட்கார்ந்து உண்மையாகவே முயற்சி செய்தார், பாவம், நெற்றியெல்லாம் வேர்த்தது, ஆனால் உலகம்மையின் முகத்தில் வைத்த கண் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் இறங்கி, தோளில் இறங்கி, அவள் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் போய் நின்றுகொண்டது. அவள் அந்த டம்ளரை முற்றத்தில் விட்டெறிந்தாள்.

இப்படிச் சண்டையும் சமாதானமுமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அவர் படிக்கட்டில் இடறி விழுந்தார், வாசல் நிலையில் முட்டிக்கொண்டார், பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்க்காமல் போனார். திருநெல்வேலியில் கண் டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுக்கொண்டு வருகிறது, ஓரத்திலிருந்து இருட்டு வந்து மூடும், போனது திரும்பாது என்று சொல்லி அனுப்பினார். இன்னும் ஒரே ஒரு படத்துக்குக் கண் தாங்கும் என்று வாத்தியாருக்கே தெரிந்தது. ஊருக்கும் தெரிந்தது. கடைசிப் படம் எது என்று வாசலில் கூட்டம் சேர்ந்து, ஒருத்தர் ஊர்ப் பொய்கைத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவர, ஒருத்தர் நெற்கதிர் கொண்டுவர, ஒருத்தர் படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவையே கட்டிலோடு தூக்கிவந்துவிட்டார். மூச்சு விடுகிறதை நான் வரைய மாட்டேன் என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பியனுப்பினார். உலகம்மை வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து மேசை மேலிருந்த எல்லாவற்றையும் ஒதுக்கினாள்.

"கடைசிப் படம் நான்தான்."

"உலகு, வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? வெங்காயத்துக்கு உண்டு, வெண்டைக்காய்க்கு உண்டு, எனக்கு இல்லையா?"

"காம்பு வெந்து தப்பிச்சுது, காய் மாட்டிக்கிட்டு. நீ பாத்தேல்லா. மல்லியப்பூ விரியலை, அதிரசம் இனிக்கலை. எல்லாம் இருக்கு, ஆனா இருந்தபடிக்கே இருக்கு. நீ எதுக்குட்டி அதுல போய் மாட்டணும்?"

"மாட்டுனா மாட்டிட்டுப் போறேன். கண்ணு மூடுறதுக்கு முன்னால ஒரு தடவை நீங்க என்னை முழுசாப் பாக்கணும். பாக்காம நான் விடமாட்டேன்."

அவள் குரலைக் கேட்டு அவர் சரி என்றார். அரக்குச் சேலையை உடுத்திக்கொண்டு, ஜன்னலோரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டாள் உலகம்மை. வெளிச்சம் முதலில் எங்கே விழுகிறதோ அங்கிருந்து தொடங்குவது அவர் வழக்கம். அது ஜன்னல் பக்கமாகக் கிடந்த அவள் இடது கையில் விழுந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்தது, கண் இடுங்கியது, உதடு லேசாகத் திறந்தது, அவள் வாசலில் நின்று நின்று ஏங்கின அந்தப் பார்வை வந்து அவள் மேலேயே இறங்கியது. அவளுக்கு அழுகை வந்தது, அசைந்துவிடக் கூடாதே என்று அடக்கினாள். கல்யாணத்தன்றைக்குக்கூட அவளுக்கு அத்தனை சந்தோஷம் இருந்ததில்லை. வெங்காயமே, எலுமிச்சையே, ஏ கத்திரிக்காயே, பார்த்தீர்களா என்று மனசுக்குள் கெக்கலி கொட்டினாள்.

உச்சிப்பொழுது தாண்டியும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்தாள், அப்படியே பார்த்தார். மணிக்கட்டு முடிந்து, வளையல் முடிந்து, விரல்கள் முடியும்போது அவளுக்கு ஆசை தாங்கவில்லை. உதடு அசையாமல் கேட்டாள். "அத்தான், என்ன பாக்கிய? சொல்லுங்களேன்."

அவர் கனவில் பேசுகிறவர்போலச் சொன்னார். "சுண்டுவிரல் பக்கமா வெளிச்சம் சரிஞ்சு இறங்குது, இறங்குற எடத்துல ஒரு நீலம். அந்தக் கத்திரிக்காயில இருந்துச்சே, அதே நீலம். இத்தனை நாள் அந்த நீலம் அதுக்குள்ள இருக்குன்னு நெனச்சேன். இல்ல, அது ஜன்னல்லேர்ந்து வருது."

உலகம்மைக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றியெரிந்தது. அவர் கத்திரிக்காயையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை, எதன் மேலெல்லாம் வெயில் விழுந்ததோ அதன் மேலெல்லாம் விழுந்த வெயிலைப் பார்த்திருக்கிறார். இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சூரியனிடமா? "எந்திரிச்சுப் போறேன், உங்க நீலத்தை நீங்களே வச்சுக்கிடுங்க," என்று விசுக்கென்று எழுந்தாள். எல்லாம் எழுந்தது, இடது கை மட்டும் எழவில்லை. தோளோடு சேர்ந்து வந்தது, ஆனால் மடியில் கிடந்தபடியே பாதி விரிந்து, பாதி மடங்கி, உதறினாலும் உதறாமல் அப்படியே நின்றது. வாத்தியார் தூரிகையைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து முக்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் எதையும் வரையவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் இருட்டு வந்து மூடிவிட்டது. உலகம்மையின் கையை ஊர் வழக்கம்போல ஏற்றுக்கொண்டது. கொதிக்கிற சட்டியை அந்தக் கையால் அப்படியே இறக்கலாம், வெந்நீரில் விட்டுத் துழாவலாம், ஒன்றும் சுடாது, ஒன்றும் தெரியாது. விரல் வளைவில் காப்பி டம்ளர் கச்சிதமாக உட்கார்ந்தது. கல்யாணம் தட்டிப்போகிற பெண்களைக் கூட்டிவந்து அதைத் தொடவைத்தார்கள். "சக்களத்தி வெளிய இருந்தா, இப்ப உன் உடம்புலேயே குடியேறிட்டா," என்று பேச்சியம்மாள் ஒருநாள் சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கால் கிலோ முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. வருஷங்கள் போகப் போக உலகம்மைக்கு முடி நரைத்தது, கன்னம் விழுந்தது, இரண்டு கை வேலையை ஒற்றைக் கையால் செய்து செய்து வலது கை காய்த்து, நரம்பு புடைத்து, முட்டிகள் வீங்கின. இடது கை மட்டும் அன்றைக்கு இருந்தபடியே வழுவழுவென்று இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாத்தியார் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, "உலகு, கையைத் தா," என்பார். எந்தக் கை என்று கேட்க வேண்டியதே இல்லை. அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திவைத்துக்கொண்டு, சுண்டுவிரல் ஓரமாகத் தடவி, இந்த இடத்தில்தான் அந்த நீலம் என்பார், இந்த இடத்தில் வளையலோட நிழல் என்பார், குரலே குழைந்துவிடும். உலகம்மைக்கு அதில் ஒன்றுமே தெரியாது. தன் புருஷனுடைய விரல் தன் கை மேல் ஊர்வதை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, வேறொருத்தியின் கையை அவர் பிடித்திருப்பதைப் பார்க்கிற மாதிரி. ஊரில் எவளுக்கும் வராத பொறாமை அவளுக்கு வந்தது. ஒருநாள் அம்மிக்குழவியைத் தூக்கி அந்தக் கை மேல் போட்டுப் பார்த்தாள், குழவிதான் விளிம்பு உடைந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம், அவர் கையைத் தா என்றபோது, அவள் வலது கையைத் துடைக்காமல்கூட நீட்டினாள். பாத்திரம் தேய்த்த ஈரமும் சாம்பலும் அதில் இருந்தன.

வாத்தியார் வாங்கினார், விரல்கள் திடுக்கிட்டு நின்றன. "யாரு, பேச்சியம்மாளா? உலகு எங்க?"

உலகம்மை கையைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இழுத்தாள், அந்த இழுப்பில் அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. விடாமல் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டிலிருந்து தொடங்கி, தாளித்த எண்ணெய் தெறித்த பொட்டுப் பொட்டான தழும்புகளையும், அரிவாள்மணை கிழித்த பழைய கோடுகளையும், வீங்கிய முட்டி ஒவ்வொன்றையும், தேய்ந்த நகத்தையும், அவசரமில்லாமல், தலையை ஒருபக்கம் சாய்த்து, உதட்டை லேசாகத் திறந்து, விரலால் பார்த்துக்கொண்டே போனார். அந்தக் கண்ணுக்கு இனி ஜன்னல் கிடையாது, வெயில் கிடையாது, நீலம் கிடையாது. அவர் விரல் போகிற இடமெல்லாம் அவளுக்குத் தெரிந்தது, கூசியது, வலித்தது, உள்ளங்கையில் வேர்த்தது.

"இதை நான் பாத்ததே இல்லையேட்டி," என்றார். "அசையாத, இன்னும் முடியலை."

"அசைவேன்," என்றாள் உலகம்மை. அவர் கைக்குள்ளேயே விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு விரலையும் துரத்திப் பிடித்து, விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இடது கையை அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை. அது அவள் மடியில் கிடந்தது. கொதிக்கிற சட்டியைத் தூக்கும்போதுகூட ஒன்றும் அறியாத அந்தக் கை, முதல்முதலாக, விரல் நுனியிலிருந்து மெல்ல எரிய ஆரம்பித்தது. அது என்ன எரிச்சல் என்று உலகம்மைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.